கார்னெலா, வெனீட்டாவா: கிரேட்ஃபுல் டெட் கேட்க எதில் தொடங்கலாம்?

கிரேட்ஃபுல் டெட் ஒரு அமெரிக்க ராக் குழு. கார்னெல், வெனீட்டா இரண்டும் அவர்களின் மேடைக் கச்சேரிப் பதிவுகள், நடந்த இடத்தின் பெயரால் அழைக்கிறோம். இரண்டுமே மூன்று சிடி, அதனால் நேரக் கணக்கு பார்த்துத் தேர்ந்தெடுக்க முடியாது.

ஒலி: கார்னெல் (8 மே 1977) ஒலிப்பதிவாளர் பெட்டி கேண்டர் பதிவு செய்தது, ஃபில் லெஷின் பாஸ் கிட்டார் தனியாகத் தெரியும், கிட்டார் கண்ணாடி மாதிரி. வெனீட்டா (27 ஆகஸ்ட் 1972) ஓரிகன் வெயிலில், திறந்தவெளியில், ஒரு பால்பண்ணைக்கு நிதி திரட்ட வாசித்தது. சூட்டில் கிட்டார் சுருதி அவ்வப்போது நழுவுகிறது, எனக்கு அது உறுத்தவில்லை.

தாளம்: கார்னெலில் இரண்டு டிரம்மர்கள், கனமான ஓட்டம். வெனீட்டாவில் க்ராய்ட்ஸ்மன் ஒருவர்தான், அதனால் இசை எந்தப் பக்கம் வேண்டுமானாலும் சட்டென்று திரும்பும்.

ஜாம் (மேடையிலேயே கற்பனையாக நீட்டி வாசிப்பது): கார்னெலில் 'ஸ்கார்லெட் பிகோனியாஸ்' முடிவது தெரியாமலே 'ஃபயர் ஆன் தி மவுண்டன்' தொடங்கிவிடும். வெனீட்டாவின் 'டார்க் ஸ்டார்' அரை மணி நேரத்துக்கு மேல். நடுவில் பாட்டு என்று சொல்ல எதுவுமே மிஞ்சாமல் கரைந்துபோய், அப்புறம் மெல்லத் திரும்பி வரும். பொறுமை வேண்டும்.

புதிதாகக் கேட்பவர்கள் கார்னெலையே எடுங்கள். ஜாஸ் பழக்கம் இருந்தால் நேராக வெனீட்டா. நான் அதிகம் போடுவதும் அதைத்தான், கார்னெலுக்குக் கிடைக்கும் புகழ் கொஞ்சம் ஓவர்.