சிஎஃப்எல் பிளஸ்: தருமபுரியில் விடியற்காலை ஐந்து மணிக்கு ஒரு லைன்மேன்

நம் பக்கம் லைன்மேன் என்றால் மின்கம்பம் ஏறுகிறவர். கனடிய ஃபுட்பாலில் (நம் கால்பந்து அல்ல; அமெரிக்க ஃபுட்பால் போல முட்டை வடிவப் பந்தைக் கையில் எடுத்து ஆடுவது) அந்தப் பெயர் வேறு ஐந்து பேருக்கு. பந்தை வீசும் குவார்ட்டர்பேக்கை எதிரணி நெருங்கவிடாமல் முன்னால் நிற்பவர்கள் அவர்கள்: நடுவில் சென்டர், அவருக்கு இரு பக்கமும் கார்டு, இரு ஓரங்களில் டேக்கிள். சென்டர் பந்தைத் தொடுவதே அதைக் கால்களுக்கு நடுவே பின்னால் அனுப்பத்தான். மற்ற நால்வரும் சீசன் முழுக்க ஆடி ஒரு முறைகூடப் பந்தைக் கையில் வாங்காமல் போகலாம். இவர்களுடைய வேலையை இங்கிருந்தே பார்த்துக் கற்க முடியுமா என்ற ஒரே அளவுகோலில், கனடிய ஃபுட்பால் லீக்கின் (சிஎஃப்எல்) ஒளிபரப்பான சிஎஃப்எல் பிளஸை எடைபோடுகிறோம்.

கனடாவுக்கு வெளியே இருக்கும் ரசிகர்களுக்காக 2023-ல் லீக்கே தொடங்கிய நேரலைச் சேவை இது. தொடங்கியபோது கட்டணம் இல்லை. ஒன்பது அணிகள், ஒவ்வொன்றுக்கும் 18 ஆட்டங்கள், ஜூனில் தொடங்கி நவம்பரில் இறுதிப் போட்டியான கிரே கோப்பையோடு முடியும். டொரண்டோவில் இரவு 7.30 என்றால் நமக்கு மறுநாள் காலை 5 மணி. வின்னிபெக்கில் அதே 7.30 என்றால் நமக்கு 6. வான்கூவரில் இரவு 7 மணி நமக்கு 7.30. நவம்பரில் கடிகாரத்தை மாற்றும் நகரங்களுக்கு மட்டும் ஒரு மணி நேரம் கூட்டிக்கொள்ளுங்கள். ஆட்டம் மூன்று மணி நேரம்வரை இழுக்கும். தினம் 2 ஜிபி பேக்கில் தெளிவான படமாக வைத்துப் பார்த்தால் கடைசிக் கால்பகுதிக்கு முன்பே டேட்டா தீர்ந்துவிடும். வீட்டு வைஃபை இல்லாதவர்கள் முதலிலேயே தரத்தைக் குறைத்துவிடுவது நல்லது.

யூடியூபில் ஹைலைட்ஸ் இருக்கும்போது முழு ஆட்டம் எதற்கு என்று கேட்கலாம். லைன்மேனுக்கு ஹைலைட்ஸ் செய்வது அநியாயம். அவர் நாற்பது முறை சரியாகத் தடுத்ததை வெட்டி எறிந்துவிட்டு, ஒரு முறை தவறி குவார்ட்டர்பேக் கீழே விழுந்ததை மட்டும் வைத்திருப்பார்கள். அவருடைய நாற்பதும் தெரிவது முழு ஒளிபரப்பில்தான். இந்தச் சேவைக்கு எங்கள் முதல் மதிப்பெண் அதற்கே.

பார்க்கும் முறை இது. பந்தை விட்டுவிடுங்கள். ஒரு ஓரத்து டேக்கிளை மட்டும் பிடித்துக்கொண்டு, பந்து கிளம்பிய முதல் இரண்டு விநாடி அவர் கால்களைப் பாருங்கள். வெளிக்கால் பின்னால் போகும், உள்கால் அதைத் தொடரும், இரண்டும் ஒன்றையொன்று தாண்டக் கூடாது. மடங்க வேண்டியது முழங்கால், இடுப்பு அல்ல. இடுப்பில் வளைந்து முன்னால் சாய்ந்தால் எதிராளி கையைத் தட்டிவிடுவார், இவர் குப்புற விழுவார். அவசரப்பட்டு உடம்பை வெளிப்பக்கம் திருப்பினால் உள்பக்கம் வாசல் திறந்துவிடும்.

கபடி தெரிந்தவர்களுக்கு ஒரு விஷயம் உறுத்தும். கார்னரில் நிற்பவர் பிடித்தால் புள்ளி. இங்கே பிடித்து இழுத்தால் ஹோல்டிங், அணி பத்து யார்டு பின்னால் போக வேண்டும். கை எதிராளியின் மார்புக்குள்ளேயே இருக்க வேண்டும், முழங்கை விலாவை ஒட்டி இருக்க வேண்டும்.

கனடிய விதி ஒன்று இந்த வேலையையே மாற்றிவிடுகிறது. எதிரணி பந்திலிருந்து ஒரு யார்டு, அதாவது மூன்றடி, தள்ளி நிற்க வேண்டும். அமெரிக்க ஆட்டத்தில் நடுவே பந்தின் நீளம்தான் இடைவெளி. மூன்றடி ஓடி வந்து மோதுகிறவரின் வேகம் வேறு. அதோடு பத்து யார்டு கடக்க மூன்றே வாய்ப்பு என்பதால் பந்தை அதிகம் வீசுவார்கள். லைன்மேனின் பிழைப்பில் பெரும்பகுதி பின்வாங்கிக்கொண்டே தடுப்பதுதான்.

யாரைப் பார்ப்பது? 50 முதல் 69 வரை எண் போட்டவர்களைத் தேடுங்கள். ஒரு நல்ல டேக்கிளின் வாழ்க்கை எப்படி இருக்கும் என்பதற்கு உதாரணம், வின்னிபெக்கில் 66-ம் எண் போட்டு ஆடிய ஸ்டான்லி பிரையன்ட். சிறந்த லைன்மேன் விருதை 2017, 2018, 2021, 2022 என நான்கு முறை வாங்கியவர். 2019 கிரே கோப்பை இறுதியில் அதே அணியின் ஆண்ட்ரூ ஹாரிஸ் பந்தோடு 134 யார்டு ஓடி ஆட்டநாயகன் ஆனார்; வழி திறந்தது இந்த வரிசை. அணியில் குறிப்பிட்ட எண்ணிக்கையில் கனடியர்கள் தொடக்கத்திலேயே களமிறங்க வேண்டும் என்பது விதி. பல அணிகள் அந்த இடங்களைச் சென்டர், கார்டு ஆகியவற்றில் நிரப்புகின்றன. அதனால் உள்ளூர்ப் பல்கலைக்கழகத்தில் ஆடி டிராஃப்டில் (அணிகள் முறைவைத்துப் புதியவர்களைத் தேர்ந்தெடுப்பது) வரும் கனடியப் பையனுக்கு இந்த வரிசையே பெரிய வாசல்.

குறைகளும் உண்டு. கேமரா பக்கவாட்டிலிருந்து பந்தோடு போகிறது. வீச்சு கிளம்பியதும் லைன் திரையை விட்டுப் போய்விடும். கோல் பக்கத்திலிருந்து காட்டும் ரீப்ளேயில்தான் ஐந்து பேரும் ஒருசேரத் தெரிவார்கள். அது வரும்போது கண்ணை எடுக்காதீர்கள். வர்ணனை ஆங்கிலம், அதுவும் பந்தைப் பற்றியே. 2026 முதல் ஒவ்வொரு ஆட்டத்துண்டுக்கும் (பந்து கிளம்பியதிலிருந்து விசில் வரை) இடையே 35 விநாடிக் கடிகாரம் என்று 2025 செப்டம்பரில் லீக் அறிவித்தது. முந்தைய துண்டு முடிந்ததுமே அது ஓடத் தொடங்கும். அந்த நேரத்துக்குள் ஐந்து பேரும் எப்படி மூச்சு வாங்கி வரிசைக்குத் திரும்புகிறார்கள் என்பதையும் கவனியுங்கள்.

வெறும் பொழுதுபோக்குக்கு விடியற்காலை எழ வேண்டியதில்லை. கபடியில் தடுப்பு ஆடுகிறவர்களும் பளு தூக்குகிறவர்களும் ஒரு சீசனில் நான்கு ஆட்டமாவது பாருங்கள். ஒவ்வொன்றிலும் ஒரே ஆளை மட்டும்.