கி.மு. 46: கான்சல் பெயரா, ரோம் கணக்கா, கி.மு.வா?

ஜூலியஸ் சீசரின் ஆப்பிரிக்கப் போருக்கு ஒரு காலவரிசைத் தாள் தயாரிக்க உட்கார்ந்தேன். முதல் வரியிலேயே இடித்தது. ஒரே ஆண்டுக்கு மூன்று பெயர்: சீசர் மூன்றாம் முறையாகவும் லெபிடஸும் கான்சல்களாக (ரோமின் இரு தலைமை ஆட்சியாளர்கள்; ரோமர்கள் ஆண்டைச் சொல்வது இவர்கள் பெயரால்தான்) இருந்த ஆண்டு, ரோம் நகரம் தோன்றி 708, கி.மு. 46. கடைசியில் கான்சல் பெயரைத் தலைப்பில் வைத்து, கி.மு.வைப் பக்கத்தில் சிறிய எழுத்தில் போட்டேன்.

ரோம் கணக்கை முதலிலேயே ஓரங்கட்டிவிட்டேன். 754-இல் கழித்தால் கி.மு. வந்துவிடும், சுலபம்தான். ஆனால் அது வர்ரோ என்ற ரோம அறிஞரின் கணக்கு. அகஸ்டஸ் காலத்தில் கல்லில் பொறித்த கான்சல் பட்டியல் ஓராண்டு தள்ளி எண்ணுகிறது. ரோமர்களே அன்றாடம் புழங்காத கணக்குக்கு இத்தனை வம்பு எதற்கு?

கி.மு.வின் வசதியைச் சொல்லவே வேண்டாம், எல்லோருக்கும் புரியும். ஆண்டு மட்டும் போதுமென்றால் அதையே எழுதிவிட்டுப் போகலாம். நாளையும் சேர்த்து எழுதும்போதுதான் வினை.

பழைய ரோம ஆண்டுக்கு 355 நாள். அவ்வப்போது இடையில் ஒரு மாதம் சேர்த்துப் பருவத்தோடு ஒட்டவைப்பது புரோகிதர்கள் வேலை. உள்நாட்டுப் போர்க் காலத்தில் அதை விட்டுவிட்டார்கள். நாள்காட்டி பருவத்தைவிட இரண்டு மாதத்துக்கும் மேல் முந்திக்கொண்டது. சரிக்கட்ட, சீசர் இந்த ஒரே ஆண்டில் 90 நாள் கூட்டினார்: பிப்ரவரியை ஒட்டி 23, நவம்பருக்கும் டிசம்பருக்கும் நடுவே இரண்டு மாதங்களாக 67. மொத்தம் 445 நாள்.

இதன் விளைவைப் பாருங்கள். இன்றைய ஆய்வாளர்கள் ஜூலியன் கணக்கை, அதாவது சீசர் திருத்தியமைத்த நாள்காட்டியை, பின்னோக்கி நீட்டும்போது, அந்த ஆண்டின் ஜனவரி 1 போய் விழுவது கி.மு. 47 அக்டோபர் நடுவில்! அதற்குச் சில நாள் முன்புதான் சீசர் சிசிலியின் லிலிபேயத்தில் கப்பலேறினார். பெயர் தெரியாத ஒருவர் எழுதிவைத்த போர்க்குறிப்பின்படி அன்று டிசம்பர் 25. நானும் முதல் பிரதியில் ‘நடுக்குளிரில் கடல் கடந்தார்’ என்று எழுதித் தொலைத்தேன். சூரியனைக் கேட்டால் அக்டோபர் தொடக்கம். ஆப்பிரிக்காவில் நடந்த தாப்சஸ் போர் ரோமர்களுக்கு ஏப்ரல் 6. உண்மையில் பிப்ரவரி முதல் வாரம்.

‘கி.மு. 46, ஏப்ரல் 6’ என்று எழுதினால் வாசகர் வசந்த காலத்தைத்தான் நினைப்பார். ஆண்டு நம் கணக்கு, நாள் அவர்கள் கணக்கு. கான்சல் பெயரைப் போட்டுவிட்டால் அந்த ஏப்ரலும் ரோமர்களுடையது என்று விளங்கிவிடும்; 445 நாளும் அந்த இருவர் பெயருக்குள் அடங்கிவிடும். ரோமப் பேச்சாளர் சிசரோ லிகாரியஸ் என்பவருக்கு எழுதிய கடிதம் ஒன்றில் குறிப்பிடும் நாள், ‘முதல் இடைச்செருகல் மாதப் பிறப்புக்கு முந்திய ஐந்தாம் நாள்’. நவம்பருக்குப் பின் கூட்டிய மாதம் இரண்டு என்பதால் ‘முதல்’ என்று சொல்ல வேண்டியிருக்கிறது. இதற்குக் கி.மு.வில் நேரடியாக ஒரு பெயர் கிடையாது.

கான்சல் முறைக்கும் தொல்லை உண்டு. பட்டியல் கையில் இல்லாமல் எது முன், எது பின் என்று தெரியாது. சீசர் ஐந்து முறை கான்சல், ஆகவே ‘மூன்றாம் முறை’ விடுபட்டால் கதை கந்தல். பதவிக்காலத்தின் நடுவில் வருகிறவர்கள் வேறு: அடுத்த ஆண்டின் கடைசி நாளில் கனினியஸ் ரெபிலஸ் சில மணிநேரம் கான்சலாக இருந்தார். அவர் பதவியில் இருந்தவரை தூங்கவே இல்லை என்று சிசரோ கிண்டலடித்தார். நல்லவேளை, ஆண்டுக்கு இப்படிப்பட்டவர்கள் பெயரை வைப்பதில்லை.

நான் இதைப் பழகியது குடியரசின் கடைசி ஐம்பது ஆண்டுகளுக்கு மட்டும். கி.மு. 153-க்கு முன் கான்சல்கள் ஜனவரி 1-இல் பதவியேற்கவில்லை. இன்னும் பின்னால் போனால் பட்டியலே சந்தேகம். அங்கே இதை நம்பி இறங்கச் சொல்ல மாட்டேன்.

இப்போது என் தாளில் இருக்கும் வரி இதுதான்: ‘சீசர் (3), லெபிடஸ்: ஏப்ரல் 6, தாப்சஸ். பருவப்படி பிப்ரவரி, கி.மு. 46.’ கொஞ்சம் நீளம்தான்.