நழுவிய தோள்மூட்டு: இழுப்பதா தளர்த்துவதா, கட்டுவதா தைப்பதா?

தோள்மூட்டு நழுவியவரை அவசரப் பிரிவின் வாசலிலேயே அடையாளம் கண்டுவிடலாம். நல்ல கையால் மற்றக் கையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு, ஒரு பக்கம் சாய்ந்தபடி, தரை அதிர்ந்தாலே வலிக்கும் என்பதுபோல மெல்ல நடந்து வருவார். உருண்டையாக இருக்க வேண்டிய தோள் சதுரமாகத் தெரியும். தோளின் முனைக்குக் கீழே விரல் வைத்தால் உள்ளே போகிற மாதிரி ஒரு பள்ளம். "தொடாதீங்க" என்பதுதான் அவர் சொல்லும் முதல் வார்த்தை. கடந்த 20, 25 ஆண்டுகளில் இந்தச் சிகிச்சையில் வந்த மாற்றங்களில் பாதி, அந்த வார்த்தையை நாங்கள் காதில் வாங்க ஆரம்பித்ததால் வந்தவை என்றே நினைக்கிறேன்.

நழுவும் தோள்களில் ஏறக்குறைய 95 சதவீதம் முன்பக்கமாகத்தான் நழுவுகின்றன. அதனால் இந்த ஒப்பீடு முழுக்க அவற்றைப் பற்றியது. பின்பக்க நழுவலுக்குக் கடைசியில் வருகிறேன்.

இழுப்பதா, தளர்த்துவதா?

பழைய முறை எல்லாருக்கும் தெரிந்தது: நோயாளியின் அக்குளில் குதிகாலை முட்டுக்கொடுத்து, கையைப் பிடித்து இழுப்பது. ஹிப்போகிரட்டீஸ் பெயரில் வழங்குகிறது. காலுக்குப் பதிலாக மார்பில் ஒரு துணியைச் சுற்றி இன்னொருவர் எதிர்ப்பக்கம் இழுப்பது அதன் இன்றைய வடிவம். வேலை செய்யும். ஆனால் வலியில் இறுகிப்போன தசையோடு மல்லுக்கட்ட வேண்டும், அதற்கு மயக்க மருந்தும் ஆள்பலமும் வேண்டும்.

அடுத்தது 1870இல் சுவிட்சர்லாந்தின் தியோடர் கோஹர் சொன்ன முறை. முழங்கையை மடக்கி, கையை வெளிப்பக்கம் திருப்பி, முன்னே தூக்கி, உள்பக்கம் திருப்புவது. இந்த முறைக்குக் கெட்ட பெயர் உண்டு, எலும்பு முறியும், நரம்பு பாதிக்கும் என்று. கோஹர் எழுதியதில் இழுப்பதே கிடையாது. இழுவையையும் பலத்தையும் சேர்த்தவர்கள் பின்னால் வந்தவர்கள். மெதுவாகச் செய்தால் இன்றும் நல்ல முறைதான், அவசரக்காரர் கையில்தான் ஆபத்து.

இவற்றுக்கு எதிர்முனையில் நிற்பது ஆஸ்திரேலிய மருத்துவர் கன்னிங்ஹாம் 2003இல் வெளியிட்ட முறை. இதில் இழுவை என்பதே இல்லை. நோயாளியை நிமிர்ந்து உட்காரவைத்து, நான் எதிரே உட்கார்ந்து, அவர் உள்ளங்கையை என் தோள்மேல் வைத்துக்கொள்ளச் சொல்வேன். மேல்கை அவர் விலாவோடு ஒட்டியிருக்கும். கழுத்தோரத் தசை, தோளின் மேல்தசை, புஜத்தின் முன்தசை மூன்றையும் மாறி மாறிப் பிசைந்துவிட வேண்டும். "நெஞ்சை நிமிர்த்துங்க, இரண்டு தோளையும் பின்னால கொண்டு போங்க" என்று பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். புஜத்தசை விரலுக்கடியில் ஒரு கட்டத்தில் மாவு மாதிரி இளகும். அப்புறம் மேல்கை எலும்பின் பந்து போன்ற தலை தானாகத் தோள் கிண்ணத்துக்குள் போய்விடும். 'டக்' என்ற சத்தம்கூடப் பல நேரம் கேட்காது. தோள் மறுபடி உருண்டையாகிவிட்டதைக் கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொள்வேன்.

இரண்டுக்கும் நடுவே இருப்பது ஃபாரஸ் முறை. மல்லாக்கப் படுக்கவைத்து, நீட்டிய கையை மணிக்கட்டில் பிடித்து, லேசான இழுவையோடு மேலும் கீழும் சிறு சிறு ஆட்டம் ஆட்டிக்கொண்டே பக்கவாட்டில் விரித்துக்கொண்டு போவது. செங்கோணத்தைத் தாண்டியதும் கையை வெளிப்பக்கம் திருப்ப வேண்டும். 2009இல் கிரேக்கத்தில் 154 பேரிடம் மூன்று முறைகளை ஒப்பிட்டார்கள். ஃபாரஸ் 88.7 சதவீதம் பேரிடமும், ஹிப்போகிரட்டீஸ் முறை 72.5 சதவீதம் பேரிடமும், கோஹர் முறை 68 சதவீதம் பேரிடமும் பலித்தன. நேரமும் வலியும் ஃபாரஸில்தான் குறைவு.

என் தேர்வு இதுதான்: உட்கார்ந்து பேச்சைக் கேட்கக்கூடியவருக்குக் கன்னிங்ஹாம், படுத்தால்தான் நிம்மதி என்பவருக்கு ஃபாரஸ். பயத்தில் உடம்பை இறுக்கிக்கொள்பவரிடமும், நழுவிப் பல மணி நேரம் கழித்து வருபவரிடமும் பிடிவாதம் பிடிக்காமல் மருந்துக்குப் போய்விட வேண்டும்.

மருந்திலும் இரண்டு வழி உண்டு. நரம்பில் ஊசி போட்டு அரைமயக்கத்தில் வைப்பது ஒன்று. அதற்கு மூச்சையும் இதயத்துடிப்பையும் கண்காணிக்க ஆளும் கருவியும் வேண்டும், தெளியும்வரை காத்திருக்கவும் வேண்டும். மற்றது, தோள்முனைக்குக் கீழே தெரியும் அந்தப் பள்ளத்தின் வழியாக மூட்டுக்குள்ளேயே 20 மில்லி லிக்னோகெய்ன் என்ற மரத்துப்போகும் மருந்தைச் செலுத்தி ஒரு கால் மணி நேரம் பொறுப்பது. பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2011இல் வந்த காக்ரேன் அலசல், மூட்டு பொருந்துவதில் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியவில்லை என்றது. மூட்டு ஊசி போட்டவர்கள் சீக்கிரம் வீடு திரும்பலாம் என்றும் சொன்னது. வயதானவர், இதயநோய் உள்ளவர், வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு வந்தவர் என்றால் எனக்கு மூட்டு ஊசிதான்.

எந்த முறையானாலும் முன்னும் பின்னும் இரண்டு சோதனைகள் விடக்கூடாது. ஒன்று, மேல்கையின் வெளிப்பக்கத் தோலில் தொடு உணர்வு இருக்கிறதா என்று பார்ப்பது. அங்கே மரத்திருந்தால் அக்குள் நரம்பு அடிபட்டிருக்கலாம். இரண்டு, எக்ஸ்ரே. விளையாட்டு மைதானத்தில் கூட இருந்தவர் இழுத்துப் பார்த்த பிறகு வருகிறவர்களைப் பார்க்கும்போது நெஞ்சு பதறுகிறது. மேல்கை எலும்பின் கழுத்தில் விரிசல் இருந்தால் அந்த ஒரு இழுப்பில் அது முழு முறிவாகிவிடும். தயவுசெய்து யாரும் இழுக்காதீர்கள்.

உள்பக்கமா, வெளிப்பக்கமா?

மூட்டைப் பொருத்தியபின் கையை வயிற்றின்மேல் மடித்து ஸ்லிங் போடுவதுதான் காலம்காலமான வழக்கம். ஜப்பானின் இட்டோய் குழு இதைக் கேள்வி கேட்டது. பந்து உட்காரும் கிண்ணத்தின் முன்விளிம்பில் கிழிந்த குருத்தெலும்பு வளையம், கை வெளிப்பக்கம் திரும்பியிருக்கும்போதுதான் எலும்போடு நன்றாக ஒட்டி உட்காருகிறது என்று 2001இல் எம்.ஆர்.ஐ. படங்களில் காட்டினார்கள். 2007இல் 198 பேரை வைத்து வெளியிட்ட ஆய்வில், வெளிப்பக்கம் கட்டியவர்களில் 26 சதவீதத்தினருக்கும் உள்பக்கம் கட்டியவர்களில் 42 சதவீதத்தினருக்கும் மறுபடி நழுவியது. கேட்டதும் நம்பத் தோன்றும். ஆனால் வேறு நாடுகளில் செய்தபோது அந்தப் பலன் திரும்பக் கிடைக்கவில்லை. கையைக் கதவு மாதிரி வெளியே நீட்டிக்கொண்டு மூன்று வாரம் தூங்குவதும் சட்டை மாட்டுவதும் எவ்வளவு கஷ்டம் என்பது போட்டவருக்குத்தான் தெரியும். சாதாரண ஸ்லிங் போதும் என்பதே என் கருத்து.

எத்தனை நாள்? முப்பது வயதுக்குக் கீழே, ஒரு வாரம் கட்டினாலும் மூன்று வாரமோ அதற்கு மேலோ கட்டினாலும் மறுபடி நழுவுவதில் பெரிய வித்தியாசம் காணப்படவில்லை. வயதானவருக்கோ நீளமாகக் கட்டுவது கெடுதல், தோள் இறுகிப்போகும்.

பிசியோதெரபியில் ஆச்சரியமான முடிவு 2024இல் பிரிட்டனிலிருந்து வந்தது. அறுவை சிகிச்சை இல்லாத 482 பேரில், ஒரே ஒரு முறை நல்ல ஆலோசனையும் பயிற்சி விவரமும் பெற்றவர்களும், கூடுதலாக பிசியோதெரபியும் பெற்றவர்களும் ஆறு மாதத்தில் ஏறக்குறைய ஒரே நிலையில் இருந்தார்கள். ஆலோசனை மட்டும் பெற்றவர்களுக்கும், தேறவில்லை என்றால் திரும்பி வர வழி இருந்தது. அந்த வழியை அடைத்துவிட்டு இந்த ஆய்வை மேற்கோள் காட்டுவது நியாயமில்லை.

காத்திருப்பதா, தைப்பதா?

உண்மையான சண்டை இங்கேதான். கிண்ணம் என்று சொன்னாலும், தோள் என்பது சின்னத் தட்டில் வைத்த பெரிய பந்து. தட்டின் விளிம்பைச் சுற்றியுள்ள வளையம் முன்பக்கம் கிழிவதை பாங்கார்ட் கிழிசல் என்கிறோம். அதைச் சிறுதுளை வழியாக உடனே தைத்துவிடலாமா, இரண்டாவது முறை நழுவும்வரை பொறுக்கலாமா?

தைக்கலாம் என்பவர்கள் கையில் வலுவான எண்கள் இருக்கின்றன. கனடாவில் 1999இல் வெளியான ஆய்வில் முப்பது வயதுக்குட்பட்ட 40 பேர். தைக்காதவர்களில் 47 சதவீதத்தினருக்கும், தைத்தவர்களில் சுமார் 16 சதவீதத்தினருக்கும் மறுபடி நழுவியது. 2002இல் அமெரிக்கப் படைவீரர்கள் 24 பேரிடம் இந்த இடைவெளி இன்னும் பெரிது: 75 சதவீதம், 11 சதவீதம். இரண்டுமே சின்ன ஆய்வுகள், ஆனால் காட்டும் திசை ஒன்றுதான்.

பொறுக்கலாம் என்பவர்கள் ஸ்வீடனைக் காட்டுவார்கள். ஹொவேலியஸ் என்பவரின் குழு 1978, 79இல் தோள் நழுவியவர்களை 25 ஆண்டுகள் விடாமல் தொடர்ந்து பார்த்தது. 12 முதல் 25 வயதுக்குள் நழுவி, அறுவை சிகிச்சை இல்லாமல் விட்ட தோள்களில் பாதி, மறுபடி நழுவவே இல்லை அல்லது காலப்போக்கில் தானாக நிலைத்துவிட்டன. எல்லாருக்கும் உடனே தைத்தால் அந்தப் பாதிப் பேருக்குத் தேவையில்லாமல் கத்தி வைத்ததாகும்.

ஆக, வயதும் வேலையும்தான் முடிவு செய்கின்றன. பத்தொன்பது வயதுக் கபடி வீரருக்கு நான் முதல் தடவையிலேயே தையலைப் பற்றிப் பேசுவேன். முப்பத்தைந்து வயதில் கணினி முன் வேலை பார்ப்பவரைப் பொறுக்கச் சொல்வேன். நாற்பதைத் தாண்டியவருக்குக் கேள்வியே வேறு. மறுபடி நழுவும் வாய்ப்பு குறைவு, தோளைத் தூக்கும் தசைநார் கிழியும் வாய்ப்பு அதிகம். இரண்டு, மூன்று வாரம் கழித்தும் கையைத் தூக்க முடியவில்லை என்றால் 'வலியினால்தான்' என்று விடாமல் ஸ்கேன் எடுக்க வேண்டும்.

தைப்பது என்று முடிவானாலும், தட்டின் விளிம்பு எலும்பே உடைந்து தேய்ந்திருந்தால் தையல் தாங்காது. ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் எலும்பு போயிருந்தால் பல அறுவை மருத்துவர்கள் லட்டார்ஜே முறைக்குப் போகிறார்கள். 1954இல் பிரான்சில் பிறந்தது அது. பக்கத்து எலும்பின் நுனியை அதோடு ஒட்டிய தசைநாரோடு வெட்டியெடுத்து, விளிம்பில் ஸ்குரூ வைத்துப் பொருத்துவது. உறுதியில் அதை மிஞ்சுவது கடினம். ஆனால் நரம்புகள் மிக அருகில் ஓடுகின்றன, ஸ்குரூ பின்னால் தொந்தரவு தரலாம். விளிம்பு எலும்பு நன்றாக இருப்பவருக்கு அதை முதல் தேர்வாக நான் சொல்லமாட்டேன்.

பின்பக்கம் நழுவினால்

வலிப்பு வந்து எழுந்த ஒருவர், தோள் வலி என்று வந்தார். வேறோர் இடத்தில் எக்ஸ்ரே பார்த்து ஒன்றுமில்லை என்று அனுப்பி ஐந்து வாரம் ஆகியிருந்தது. தோள் இறுக்கம் என்று உடற்பயிற்சி வேறு செய்துகொண்டிருந்தார். வலிப்பிலும் மின்சார அதிர்ச்சியிலும் தோள் பின்பக்கம் நழுவும். நேராக எடுத்த எக்ஸ்ரேயில் அது கிட்டத்தட்ட சரியாகவே தெரியும், பந்து மட்டும் குண்டு பல்பு மாதிரி உருண்டிருக்கும். அக்குள் வழியாக எடுத்த படத்தில்தான் பிடிபடும். படத்துக்கு முன்பே ஒரு வழி இருக்கிறது. முழங்கையை விலாவோடு ஒட்டி மடக்கி, முன்கையை வெளிப்பக்கம் திருப்பச் சொன்னேன். நல்ல கை தாராளமாகத் திரும்பியது. மற்றது வயிற்றைவிட்டு நகரவில்லை.