லோட்டஸ் யூரோப்பாவின் பின்பக்கக் கீழ் லிங்க்: ராட் எண்டா, ரப்பர் புஷ்ஷா?

1966-ல் வெளிவந்த லோட்டஸ் யூரோப்பா காரில் பின்சக்கரங்களின் டோவை (மேலிருந்து பார்க்கும்போது சக்கரம் உள்ளே அல்லது வெளியே திரும்பியிருக்கும் அளவு) சரிசெய்ய, சக்கரத்தை முன்பக்கத்தோடு இணைக்கும் ட்ரெயிலிங் ஆர்மின் முன்முனையில் ஷிம் (மெல்லிய தகடு) வைக்கலாம். கேம்பருக்கு, அதாவது சக்கரம் செங்குத்திலிருந்து சாயும் அளவுக்கு, அந்த வழியும் கிடையாது. சக்கரத்தின் கீழ்ப்பகுதியைக் குறுக்காகப் பிடிக்கும் கீழ் லிங்க் நீளம் மாறாத வெறும் பைப். காரைத் தாழ்த்தியவர்களும் சேஸிஸைப் பழுதுபார்த்தவர்களும் இடது சக்கரம் ஒரு சாய்வு, வலது சக்கரம் வேறு சாய்வு என்று திண்டாடுவது இதனால்தான். நீளத்தைக் கூட்டிக் குறைக்கும் லிங்கைச் செய்து போட்டுவிட்டால் பிரச்சினை தீரும். எந்த மாதிரி லிங்க் என்பதுதான் கேள்வி.

முதலில் அது தாங்கும் சுமையைப் பார்த்துவிடுவோம். இந்தக் காரில் மேல் லிங்க் தனியாக இல்லை, டிரைவ்ஷாஃப்ட்டே அந்த வேலையைச் செய்கிறது. சக்கர மையம் தரையிலிருந்து 290 மி.மீ., அதற்கு 150 மி.மீ. கீழே லிங்க் என்று வைத்துக்கொள்ளுங்கள். வளைவில் வெளிச்சக்கர டயர் வாங்கும் பக்கவாட்டு விசை ஏறக்குறைய 2 மடங்காகி, லிங்கை நெருக்கும் அழுத்தமாக வந்து சேரும். கிடைத்த பைப்பில் செய்து பார்க்கிற சமாச்சாரம் அல்ல இது.

இரு முனையிலும் ராட் எண்ட் (உறைக்குள் பந்து சுழலும் உலோக மூட்டு), ஒன்றில் வலது திரெட், மற்றதில் இடது திரெட் என்பது பந்தயக்காரர்களின் வழி. அரை அங்குல யுஎன்எஃப் (நுண் திரெட் தரம்) திரெட் என்றால் அங்குலத்துக்கு 20 சுற்று. போல்ட்டைத் தொடாமல், லாக் நட்டுகளைத் தளர்த்தி பைப்பை ஒரு சுற்றுத் திருப்பினால் 2.54 மி.மீ. மாறும், மேலே சொன்ன கணக்கில் கிட்டத்தட்ட 1 டிகிரி. அலைன்மென்ட் மேடையில் இதைவிடச் சுகம் கிடையாது. ஆனால் மண்ணும் தண்ணீரும் புகுந்து பந்து தேய்ந்தால் 'டக் டக்' சத்தம் ஆரம்பித்துவிடும். பூட் (ரப்பர் மூடி) போடாமல் இதைச் சாலையில் ஓட்டவே கூடாது.

இரு முனையிலும் ரப்பர் புஷ் (போல்ட்டைச் சுற்றி ரப்பர் வைத்த வளையம்) வைத்தும் நீளம் மாற்றலாம். புஷ் வளையத்தில் திரெட் தண்டை வெல்டு செய்து பைப்பில் ஏற்ற வேண்டும். சத்தம் இல்லை, பராமரிப்பு இல்லை. ஆனால் மொத்த உயிரும் அந்த வெல்டில்தான். ரப்பருக்குப் பதில் பாலியூரித்தேன் போடலாமே என்பார்கள். எனக்கு உடன்பாடில்லை. ட்ரெயிலிங் ஆர்ம் வட்ட வில்லில் ஏறி இறங்குவதால் லிங்கின் முனை சுழல்வதோடு சாயவும் வேண்டும். ரப்பர் அதற்கு வளைந்து கொடுக்கும், பாலியூரித்தேன் முரண்டு பிடிக்கும்.

சாலையில் ஓட்டுகிற காருக்கு நான் சொல்வது கலவைதான்: சேறு படும் சக்கரப் பக்கம் ரப்பர் புஷ், உள்பக்கம் ராட் எண்ட். ஒவ்வொரு முறையும் உள்போல்ட்டைக் கழற்றி அரைச் சுற்றாகத்தான் மாற்ற முடியும். அரைச் சுற்று என்பது 0.635 மி.மீ., அதாவது சுமார் கால் டிகிரி. சாலைக்கு அது போதும். டிரைவ்ஷாஃப்ட்டின் பக்கவாட்டு விசை கியர்பாக்ஸ் வழியாக ரப்பர் மவுண்டுகளுக்குத்தான் போகிறது. அந்த மவுண்டு நெளியும்போது, இரு முனை ராட் எண்டின் துல்லியத்தில் ஒரு பகுதி அங்கேயே கரைந்துவிடும்.

பைப் விஷயம் எளிது. தடித்த சுவருள்ள ஸ்டீல் பைப்பில் 11.5 மி.மீ. துளையிட்டு நேராக டேப் போடுவது (உள்திரெட் வெட்டுவது), திரெட் பங்கை (உள்திரெட் உள்ள உருளைத் துண்டை) வெல்டு செய்வதைவிட நிம்மதி. பங்க்தான் என்றால் வெல்டுக்குப் பிறகு டேப்பை மறுபடி ஓட்டுங்கள். 7075 அலுமினிய அறுகோணக் கம்பி அழகு, எடையும் குறைவு. ஆனால் ஸ்டீல் திரெட் அதில் அரித்துப் பிடித்துக்கொள்ளும். கிரீஸ் தடவாமல் பூட்டாதீர்கள்.

பைப் முனையிலிருந்து 20 மி.மீ. தள்ளி ஒரு சிறு துளை போட்டு வையுங்கள். அதில் கம்பியை விட்டால் திரெட்டில் இடிக்க வேண்டும். இடிக்காவிட்டால் ராட் எண்ட் அதிகம் வெளியே வந்துவிட்டது என்று அர்த்தம். ராட் எண்ட் ஒருபக்கப் பிடிப்பில் (போல்ட்டின் ஒரு முனை மட்டும் தாங்கப்பட்டு) இருந்தால், பந்து கழன்றாலும் உறை போல்ட்டை விட்டு நழுவாதபடி வெளிப்பக்கம் பெரிய வாஷர் கட்டாயம். கேம்பர் மாறினால் டோவும் நகர்ந்திருக்கும், ஷிம்மை மறுபடி அளந்த பிறகே வண்டியை எடுங்கள்.