அப்பாவுக்கு வாங்கிய ரெக்கார்ட் பிளேயர்

அப்பாவின் எழுபதாவது பிறந்தநாளுக்கு ஆடியோ-டெக்னிகா ஏடி-எல்பி60எக்ஸ் வாங்கினேன். முதலில் வந்த, சூட்கேஸ் போல மூடித் தூக்கிப்போகிற வேறொரு மாடலைத் திருப்பி அனுப்பிவிட்டேன். முள் தட்டை அழுத்திக்கொண்டே ஓடியது. அப்பா நாற்பது வருஷமாகக் காப்பாற்றி வைத்திருக்கிற தட்டுகளாச்சே!

இதில் பட்டனை அழுத்தினால் போதும். முள்ளைத் தாங்கும் கை தானாக எழுந்து, நகர்ந்து, தட்டின் மேல் மெதுவாக இறங்குகிறது. பக்கம் முடிந்ததும் தன் இடத்துக்கே திரும்பிவிடுகிறது. அப்பாவுக்கு விரல் நடுங்கும், அதற்காகவே இதைத் தேர்ந்தெடுத்தேன். முள்ளிலிருந்து வரும் மெல்லிய சிக்னலைப் பெருக்கும் ப்ரீஆம்ப் உள்ளேயே உண்டு, ஸ்பீக்கர் தனியாக வாங்கணும். நிமிடத்துக்கு 33, 45 சுற்று வேகம் மட்டும்தான். 78 சுற்று வேகத்தில் ஓடும் தாத்தாவின் தட்டுகளைப் போட முடியாது. அதில் அப்பாவுக்குக் கொஞ்சம் வருத்தம்.

முதல் நாள், விளிம்பை மட்டும் பிடித்து, வெல்வெட் துணியால் துடைத்துத் தட்டை வைத்தார். அந்தக் கரகரப்பு கேட்டதுமே, "அம்மாவைக் கூப்பிடுப்பா" என்றார்.