கல்விக் கடனோடு வேலை தேடுபவருக்கு: குழுக்கடன் வசூலா, வங்கியில் காப்பீட்டு விற்பனையா?

கல்விக் கடன் வாங்கிப் படித்த சிறுநகர இளைஞருக்கு எளிதில் கிடைக்கும் வேலைகளில் இரண்டு: நுண்நிதி நிறுவனத்தில் மகளிர் குழுக்கடனைக் கொடுத்து வசூலிக்கும் களப்பணி, தனியார் வங்கிக் கிளையில் ஆயுள் காப்பீட்டுப் பாலிசிகளை விற்கும் பணி. இரண்டிலும் மாத இலக்கும் ஊக்கத்தொகையும் உண்டு. ஊரார் பார்வையில் 'பேங்க் வேலை'க்குத்தான் மதிப்பு. மனச்சாட்சியின் பக்கம் நின்று பார்த்தால் எனக்கு அந்த வரிசை தலைகீழாகவே தெரிகிறது.

வசூல் பணியில் நேரும் தீங்கு கண்ணெதிரே நிற்கும். குழுவிலுள்ள மற்றப் பெண்களைத் தவணை கட்ட முடியாதவரின் வாசலில் இருட்டும் வரை உட்கார வைப்பதும், அவர்மீது ஏவுவதும் நடக்கின்றன. ஆனால் இங்கே ஊழியரின் கைக்கு ஒரு பிடிமானம் இருக்கிறது. 2022 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த ரிசர்வ் வங்கி நெறிமுறைகளின்படி, குடும்பத்தின் எல்லாக் கடன் தவணைகளும் சேர்ந்து மாத வருமானத்தில் 50 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. காலை 9 மணிக்கு முன்பும் மாலை 6 மணிக்குப் பின்பும் வசூலுக்காகத் தொந்தரவு செய்யக் கூடாது. மேலாளர் இரவில் போகச் சொன்னால், 'விதி இடம் தரவில்லை, சார்' என்று மறுப்பதற்கு ஊழியருக்கு எழுத்திலேயே ஆதாரம் உண்டு. மறுத்தவரின் வேலை நிலைக்கும் என்று உறுதி சொல்ல முடியாது. என்றாலும் நியாயம் அவர் பக்கம் இருக்கும்.

காப்பீட்டு விற்பனையில் அந்தத் தெளிவு கிடையாது. வைப்புத்தொகையைப் புதுப்பிக்க வரும் ஓய்வுபெற்ற ஆசிரியரிடம், 'இதுவும் டெபாசிட் மாதிரிதான், ஐயா' என்று சொல்லி, ஆண்டுதோறும் பிரீமியம் கட்ட வேண்டிய பாலிசியில் கையெழுத்து வாங்கிவிடலாம். பாலிசி ஆவணம் கைக்கு வந்த 30 நாட்களுக்குள் அதைத் திருப்பிக் கொடுக்கும் உரிமை அவருக்கு உண்டு. ஆனால் அவருக்கு விஷயம் புரிவதே பெரும்பாலும் மறுஆண்டு பிரீமியம் கேட்டு அறிவிப்பு வரும்போதுதான். கையெழுத்து அவருடையது என்பதால் காகிதங்கள் விற்றவரையே காப்பாற்றும். யாரும் கத்தவில்லை, வாசலில் யாரும் உட்காரவில்லை. ஆனாலும் நம்பி வந்த ஒரு முதியவரின் சேமிப்பு முடங்கிவிடுகிறது. இந்தத் தவற்றை நாள்தோறும் செய்து பழகிவிடுவது எளிது. அதனாலேயே இதை நான் அதிகம் அஞ்சுகிறேன்.

தணிக்கையாளர் அலுவலகம், கடைக் கணக்கு போன்ற வேலைகளில் இந்தச் சிக்கல்கள் குறைவு, சம்பளமும் குறைவு. வீட்டில் வேறு வருமானம் உள்ளவர்கள் 'அதையே எடுத்துக்கொள்' என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள். கல்விக் கடனில் படிப்பு முடிந்த பின் வழக்கமாக ஓராண்டு அவகாசம் கிடைக்கும். அந்த ஓராண்டிலும் வட்டி ஏறிக்கொண்டே இருக்கும். அப்பாவின் மருந்துச் செலவையும் தவணையையும் சுமப்பவரைப் பார்த்து, கொள்கைக்காகக் காத்திரு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஆகவே ஒப்பிடும்போது மொத்தச் சம்பளத்தைப் பார்க்க வேண்டாம். ஊக்கத்தொகையைக் கழித்துவிட்டு, நிலையான சம்பளத்தை மட்டும் பாருங்கள். தவணைக்கும் வீட்டுச் செலவுக்கும் அது போதுமானால், தவறான ஒரு விற்பனையையோ வசூலையோ மறுக்கும் தெம்பு உங்களிடம் இருக்கும். போதாதென்றால், ஒவ்வொரு மாதக் கடைசியிலும் உங்களுக்காக முடிவெடுப்பது அந்த இலக்குதான். இந்தக் கணக்கில் இரண்டும் சமமாக நின்றால் நான் குழுக்கடன் பணியையே தேர்ந்தெடுப்பேன். அதுவும், வசூலாகாத தவணையை ஊழியரின் சம்பளத்தில் பிடிக்கிறார்களா என்பதை அதே கிளையிலிருந்து விலகிய ஒருவரிடம் விசாரித்த பிறகே.