பழைய பிக்கப், தினசரி ஓட்டம்: எது நடுவழியில் நிறுத்துகிறது, எதை முதலில் மாற்றுவது

பழைய பிக்கப் வழியில் நின்றதும் எல்லார் வாயிலும் முதலில் வருவது "இன்ஜின் போச்சு" என்பதுதான். பெரும்பாலும் போயிருக்காது. முப்பது நாற்பது வருஷம் ஆன கார்புரேட்டர் வண்டியை நிறுத்துவது வெடித்துப்போன ரப்பர், பச்சை பூத்த எர்த் இணைப்பு, டேங்க் அடியில் படிந்த வண்டல். ஓவர்ஹாலுக்கு என்று எடுத்து வைத்த பணத்தை முதலில் இந்தப் பக்கம் திருப்பினால், இன்ஜினைத் தொடாமலே பல வண்டிகள் தினசரி ஓட்டத்துக்கு வந்துவிடும். தனி சேசிஸ், பின்னால் பட்டை ஸ்பிரிங், நாலு சிலிண்டர் பெட்ரோல் இன்ஜின் கொண்ட பிக்கப்பை மனதில் வைத்தே இது எழுதப்படுகிறது. டீசல் வண்டிக்காரர்கள் பாயிண்ட் (டிஸ்ட்ரிபியூட்டருக்குள் ஸ்பார்க்கை இயக்கும் பழைய சுவிட்ச்), கார்புரேட்டர் பகுதியை விட்டுவிடலாம்.

சேசிஸ்

வண்டி பார்க்கப் போகும்போது கையில் ஒரு சின்ன சுத்தியல் வேண்டும். கீழே படுத்து சேசிஸ் நெடுக தட்டிக்கொண்டே போனால் நல்ல இரும்பு கணீரென்று பேசும். உள்ளே அரித்த இடம் மந்தமாக ஒலிக்கும், சில வண்டிகளில் சுத்தியலே உள்ளே போய்விடும். பின் அச்சுக்கு மேலே ரெயில் (சேசிஸின் நீளவாக்கு இரும்புச் சட்டம்) வளைந்து ஏறும் பகுதி, பட்டை ஸ்பிரிங்கைப் பிடித்திருக்கும் ஹேங்கர்கள், கேபின் மவுண்ட் ரப்பரின் அடி ஆகியவற்றைத் தட்டாமல் எழுந்திருக்கக் கூடாது. சேறு தங்கி, காயாமலே கிடக்கும் மூலைகள் அவை. புதிதாகக் கறுப்பு பெயின்ட் பூசின சேசிஸ் என்றால் இரண்டு மடங்கு சந்தேகம் நல்லது.

ஒரு ஹேங்கர் அரித்திருந்தால் வெட்டிவிட்டுப் புதிது வைக்கலாம். இரண்டு ரெயிலிலும் பல இடத்தில் ஓட்டை என்றால் வேறு வண்டி தேடுவதே லாபம். ரெயிலில் ஒட்டுப் போடுபவர் நேர்க்குத்தாக ஒரே கோட்டில் வெல்டு வைக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். வளையும் விசை முழுக்க அந்தக் கோட்டில் விழுந்து, வெல்டு ஓரத்திலேயே விரிசல் விடும். சரிவாக வெட்டிச் சேர்ப்பது அல்லது வைர வடிவில் பிளேட் வைப்பது நிற்கும். வெல்டுக்கு முன் பேட்டரி, ஆல்டர்னேட்டர் இரண்டின் இணைப்பையும் கழற்றிவிட வேண்டும். துருவின் மேலேயே தடிமனாக அண்டர்கோட்டிங் அடிப்பது ஈரத்தை உள்ளே வைத்துப் பூட்டுவது போல. தேய்த்து, ஜிங்க் பிரைமர் அடித்து, ரெயிலின் உள்பக்கம் கேவிட்டி வாக்ஸ் தெளித்து, தண்ணீர் வடியும் ஓட்டைகளைத் திறந்து விடுவதுதான் வருஷக்கணக்கில் தாங்குகிறது.

பிரிப்பதற்கு முன் கம்ப்ரஷன்

இன்ஜின் சூடாக இருக்கும்போது எல்லா பிளக்கையும் கழற்றி, காயிலுக்குப் போகும் ஒயரை எடுத்துவிட்டு, ஒவ்வொரு பிளக் ஓட்டையிலும் கம்ப்ரஷன் கேஜ் வைத்து, ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்தபடி செல்ஃப் அடித்து சிலிண்டரின் அழுத்தத்தை அளக்க வேண்டும். சிலிண்டர்களுக்குள் வித்தியாசம் 10 முதல் 15 சதவீதத்துக்குள் என்றால் இன்ஜினை விட்டுவிடலாம். ஒன்று மட்டும் குறைந்தால் முதலில் வால்வு கிளியரன்ஸைச் சரிபார்த்துவிட்டு, பிளக் ஓட்டை வழியே ஒரு ஸ்பூன் ஆயில் ஊற்றி மறுபடி அளந்தால் தெரியும்: அளவு ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வு அல்லது ஹெட் கேஸ்கெட். அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர் சேர்ந்தே விழுந்திருந்தால் அவற்றுக்கு நடுவே கேஸ்கெட் போயிருக்க வாய்ப்பு அதிகம். எதற்காகவாவது ஹெட்டைக் கழற்ற நேர்ந்தால் எக்ஸாஸ்ட் வால்வுக்குக் கெட்டியான சீட் போட்டுவிடுவது நல்லது. ஈயம் கலந்த பெட்ரோல் காலத்து ஹெட், ஈயமில்லாத பெட்ரோலில் சீட் தேய்ந்து, கிளியரன்ஸ் தானே குறைந்துகொண்டு வரும்.

இருபது நிமிஷத்தில் நிற்கும் வண்டி

இந்தப் புகார் வராத பழைய பிக்கப் அபூர்வம். கிளம்பும், நன்றாக ஓடும், இருபது நிமிஷத்தில் இழுவை குறைந்து அணையும். பத்து நிமிஷம் சும்மா விட்டால் ஒன்றும் நடக்காதது போல ஸ்டார்ட் ஆகும். காரணம் பெரும்பாலும் மூன்றில் ஒன்றாக இருக்கும். நின்ற அந்த நொடியில் பார்த்தால்தான் பிரித்தறிய முடியும்.

முதலில் டேங்க் மூடியைத் திறக்க வேண்டும். "உஸ்" என்று காற்று உள்ளே இழுத்தால் மூடியின் காற்றுத் துளை அடைத்திருக்கிறது. சத்தம் இல்லையா, ஏர் கிளீனரைக் கழற்றி கார்புரேட்டர் வாயைப் பார்த்தபடி ஆக்சிலரேட்டர் லிங்கைக் கையால் இழுக்கவும். ஊசி போலப் பீய்ச்சினால் பெட்ரோல் வந்திருக்கிறது, குறை ஸ்பார்க் பக்கம். சூடானதும் ஓயும் கண்டன்சரையோ காயிலையோ சந்தேகிக்கலாம். பீய்ச்சவில்லை என்றால் பெரும்பாலும் டேங்க் வண்டல். பம்ப் இழுக்க இழுக்கத் துரும்பும் துருத்தூளும் உறிஞ்சு குழாயின் வலையில் அப்பிக்கொள்ளும். இன்ஜின் நின்றால் இழுப்பு நின்று அது உதிரும். அதனால்தான் "ஓய்வு கொடுத்தால் சரியாகிறது".

தீர்வு டேங்க்கை இறக்குவது. ஃபில்டரை மட்டும் மாற்றிக்கொண்டே இருப்பது தள்ளிப்போடல். இறக்கிக் கழுவி, வலையைப் புதிதாக்கி, டேங்க்குக்கும் பம்ப்புக்கும் நடுவே உள்ளே தெரிகிற ஃபில்டர் ஒன்று போட வேண்டும். முதல் 200 கிலோமீட்டரில் அதை மாற்ற வேண்டியிருக்கும், ஆச்சரியப்பட வேண்டாம். டேங்க்கின் உள்ளே பூசும் கோட்டிங், ஈரமோ எண்ணெய்ப் பிசுக்கோ மிச்சம் இருந்தால் பாளமாக உரிந்து பழைய வண்டலைவிட மோசமாக அடைக்கும். ஊசி ஓட்டை இல்லாத டேங்க்குக்கு அது தேவையே இல்லை. எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பர் ஹோஸை உள்ளிருந்து இளக்கிவிடும், எனவே அதற்குத் தாங்கும் ஹோஸாக எல்லாவற்றையும் ஒரே தடவையில் மாற்றிவிட வேண்டும். கூடவே டிப் ஸ்டிக்கை உருவி முகர்ந்து பார்க்கவும். ஆயில் மட்டம் ஏறி பெட்ரோல் வாடை அடித்தால், மெக்கானிக்கல் பம்ப்பின் டயாஃப்ரம் கிழிந்து பெட்ரோல் இன்ஜின் அடியில் உள்ள ஆயில் சம்ப்புக்குள் இறங்கியிருக்கலாம். அந்த ஆயிலோடு ஓட்டினால் பேரிங் தேயும்.

கார்புரேட்டருக்கு ரிப்பேர் கிட் போட்டும் ஐடிலிங் நிற்கவில்லை என்றால் திராட்டில் ஷாஃப்ட்டை ஆட்டிப் பார்க்கவும். ஷாஃப்ட் ஆடினால் அந்த இடைவெளியில் காற்று இழுக்கும். புஷ் போடாமல் எந்த ஸ்க்ரூவைத் திருப்பினாலும் அது அடங்காது.

எர்த்

செல்ஃப் சோம்பலாகச் சுற்றினால் பேட்டரி மாற்றுகிறார்கள், பிறகு செல்ஃப் மோட்டார் மாற்றுகிறார்கள், கடைசியில்தான் எர்த் ஒயர் ஞாபகம் வருகிறது. மல்டிமீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் மைனஸ் ஈயத் தூணில் (கிளாம்ப்பில் அல்ல), மறுமுனையை இன்ஜின் பிளாக்கில் பெயின்ட் இல்லாத இடத்தில் வைத்து செல்ஃப் அடிக்கச் சொன்னால் போதும். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் குறை. பிளஸ் தூணுக்கும் செல்ஃப் மோட்டாரின் தடித்த போல்ட்டுக்கும் நடுவே 0.5 வோல்ட் வரை விடலாம்.

பேட்டரியிலிருந்து இன்ஜின், இன்ஜினிலிருந்து சேசிஸ், சேசிஸிலிருந்து கேபின் என மூன்று எர்த்தும் தனித்தனியாக இருக்க வேண்டும். இன்ஜினும் கேபினும் ரப்பரின் மேல் உட்கார்ந்திருப்பவை. இன்ஜினின் எர்த்தான பின்னல் ஒயர்ப் பட்டை அறுந்த வண்டியில் செல்ஃபின் மின்சாரம் சோக் கேபிள் வழியாகப் பாதை தேடும். சோக் கேபிள் சூடாகிறது, உறை இளகுகிறது என்றால் கேபிளைத் திட்டிப் பயனில்லை.

ஹெட்லைட் மங்கலுக்கும் இதே கதை. பல்புக்கு வோல்ட்டேஜ் 10 சதவீதம் குறைந்தால் வெளிச்சம் ஏறக்குறைய 30 சதவீதம் போய்விடும். பழைய வண்டியில் முழுக் கரண்ட்டும் டாஷ்போர்டு சுவிட்ச் வழியாகப் போவதால் சுவிட்ச்சும் சூடாகும். லோ பீமுக்கு ஒன்று, ஹை பீமுக்கு ஒன்று என்று இரண்டு ரிலே, பியூஸோடு பேட்டரியிலிருந்து நேரடி ஒயர்: அதிக வாட் பல்பு வாங்குவதைவிட இதுதான் வேலை செய்யும். ஆல்டர்னேட்டர் 13.8 முதல் 14.4 வோல்ட் கொடுக்கிறதா என்பதையும் விளக்குகளைப் போட்டுவிட்டே அளக்க வேண்டும்.

பாயிண்ட் செட் வைத்த டிஸ்ட்ரிபியூட்டரில், கேம் மேல் உரசும் சின்னக் கட்டை தேயத் தேய இடைவெளி குறைந்து டைமிங் பின்தங்கும். வண்டி மெல்ல மெல்ல மந்தமாவதால் ஓட்டுபவருக்குத் தெரியாது. எலக்ட்ரானிக் மாட்யூலுக்கு மாறுவது தினசரி வண்டிக்கு மதிப்புள்ள மாற்றம்.

கூலிங்கில் ஒரே ஒரு பிடிவாதம்: "சூடாகிறது" என்று தெர்மோஸ்டாட்டைக் கழற்றி வீசக் கூடாது. குளிர்ந்தே ஓடும் இன்ஜின் பெட்ரோல் குடிக்கும், ஆயிலில் ஈரம் சேரும், சிலிண்டர் தேயும். ரேடியேட்டரை ராடு விட்டுச் சுத்தம் செய்து, பிளாக்கின் வடிகால் போல்ட்டைத் திறந்து சேற்றை வெளியேற்றி, சரியான அழுத்தமுள்ள மூடி போட வேண்டும். அழுத்தம் ஒவ்வொரு பிஎஸ்ஐ கூடும்போதும் கொதிநிலை சுமார் 1.5 டிகிரி செல்சியஸ் ஏறும். ஸ்பிரிங் தளர்ந்த மூடி அதைத் தராது. கீழ் ஹோஸ் பழசானால் அதிக வேகத்தில் உறிஞ்சலில் சப்பையாகி ஒட்டிக்கொள்ளும், நிறுத்திப் பார்க்கும்போது நல்ல பிள்ளையாக உருண்டு நிற்கும்.

பிரேக்

இங்கே மட்டும் மிச்சம் பிடிக்கக் கூடாது. பிரேக் விட்ட பிறகும் ஒரு சக்கரம் சுடுகிறது, வண்டி ஒரு பக்கம் இழுக்கிறது என்றால் வீல் சிலிண்டரைப் பிரிப்பதற்கு முன் ரப்பர் ஹோஸைச் சந்தேகிக்கலாம். வெளியே பளபளவென்று இருக்கும் ஹோஸ் உள்ளே வீங்கி ஒருவழி வால்வாக மாறியிருக்கும். காலின் பலம் ஆயிலைத் தள்ளிவிடும், திரும்ப வரும் ஸ்பிரிங்குக்கு அந்தப் பலம் இல்லை. சக்கரம் பிடித்திருக்கும்போதே ஹோஸுக்கு மேலே இருக்கும் இரும்புக் குழாய் நட்டை லேசாகத் தளர்த்தவும். சக்கரம் விடவில்லை, ஆனால் சக்கரத்தில் உள்ள ஏர் நிப்பிளைத் திறந்ததும் விடுகிறது என்றால் ஹோஸ்தான். நாலு சக்கரமும் பிடிக்கிறதென்றால் பெடலின் தள்ளுகம்பிக்கு இடைவெளி இல்லை. ஒன்றிரண்டு மில்லிமீட்டர் விட்டால் மாஸ்டர் சிலிண்டரின் திரும்பு துளை திறக்கும்.

ஒரே சர்க்யூட் மாஸ்டர் சிலிண்டர் உள்ள வண்டி என்றால் இரட்டை சர்க்யூட்டுக்கு மாற்றிய பிறகே தினசரி ஓட்டம். ஒரு குழாய் வெடித்தால் மொத்த பிரேக்கும் போகும் அமைப்பு அது. குழாய்களுக்கு காப்பர்-நிக்கல் நன்றாக வளையும், துருப்பிடிக்காது. முனை இரட்டை மடிப்பாக இருக்க வேண்டும். டிரம்மில் அதிகபட்ச விட்டம் பொறித்திருக்கும், அதைத் தாண்டிக் கடைசல் பிடிக்கக் கூடாது.

பிக்கப்புக்கே உரிய ஒன்று: சில மாடல்களில் பின் அச்சிலிருந்து ஒரு கம்பி சேசிஸில் உள்ள வால்வுக்குப் போகும். சுமை ஏறிப் பின்பக்கம் அமுங்கினால் பின் பிரேக்குக்கு அழுத்தம் கூட்டும். பட்டை கூட்டி வண்டியை உயர்த்தினால் இந்த வால்வு "வண்டி எப்போதும் காலி" என்று நினைத்துக்கொள்ளும். சுமையோடு மிதிக்கும்போது முன் பிரேக் மட்டுமே எல்லாவற்றையும் சுமக்கும். பட்டையைத் தொட்டால் கம்பியையும் சரிசெய்தே ஆக வேண்டும்.

பின் டிரம்முக்குள் ஆயில் வருகிறதென்று சீல் மாற்றி, மூன்று மாதத்தில் மறுபடி வந்தால், அச்சின் மேலே இருக்கும் பிரீத்தரைப் பாருங்கள். சேறு அடைத்த பிரீத்தரால், சூடாகி விரியும் காற்று வெளியேற வழியின்றி ஆயிலை சீல் வழியே பிதுக்கும். சீல் குற்றவாளி இல்லை.

கியர்பாக்ஸில் ஜிஎல்-4 ஆயில், கிரவுனில் (பின் அச்சின் டிஃபரன்ஷியல்) ஜிஎல்-5. இரண்டுக்கும் ஒன்றே போதும் என்று ஜிஎல்-5 ஊற்றினால் கியர் மாற உதவும் பித்தளை சின்க்ரோ வளையங்கள் கெடலாம். ஸ்டியரிங் ஆட்டத்துக்குப் பாக்ஸ் மேல் ஸ்க்ரூவை முறுக்குவது கடைசி வேலை. பால் ஜாயிண்ட், ஐட்லர் ஆர்ம் பார்த்த பிறகு அது. இறுக்கிவிட்டால் ஸ்டியரிங் நடுவில் பிடிக்கும், திருப்பத்திலிருந்து தானாகத் திரும்பாது.

ஓட்ட ஆரம்பித்த பிறகு

முதல் 100 கிலோமீட்டரில் வீல் நட், 500-இல் பட்டை ஸ்பிரிங்கின் யூ போல்ட், மேனிஃபோல்டு நட், ஹோஸ் கிளிப் எல்லாம் மறுபடி இறுக்க வேண்டும். யூ போல்ட் கழற்றினால் புதிதுதான்; ஒருமுறை நீண்டது மறுபடி அதே பிடியைக் கொடுக்காது. கனிம ஆயில் என்றால் 5,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றி, அப்போதே கிராஸ் (புரொப்பல்லர் ஷாஃப்ட்டின் மூட்டு), கிங் பின் நிப்பிள்களுக்கு கிரீஸ். கிராஸ் மூடியோரம் செங்கல் நிறத் தூள் தெரிந்தால் உள்ளே ஊசி பேரிங் காய்ந்துவிட்டது, கிரீஸ் அடித்துக் காப்பாற்ற முடியாது. பிரேக் ஆயில் ஈரம் உறிஞ்சும், இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை முழுக்க மாற்ற வேண்டும். டயரில் பூ தேயாமல் இருந்தாலும் தேதியைப் பார்க்கவும்: நாலு இலக்க எண்ணில் 2319 என்றால் 2019-ஆம் வருஷத்து 23-வது வாரம்.

இவ்வளவும் செய்த பிறகும் சில விஷயங்கள் மாறாது. காலி வண்டி நனைந்த சாலையில் பின்பக்கம் துள்ளும், முன்னால் போகும் புது காருக்கு நிகரான தூரத்தில் நிற்காது, இடைவெளி விட்டே ஓட்ட வேண்டும். சத்தம் சத்தம்தான்.

வண்டியில் எப்போதும் கிடக்க வேண்டியவை: ஒரு ஃபேன் பெல்ட், மேல் கீழ் ரேடியேட்டர் ஹோஸ், பெட்ரோல் ஃபில்டர், ஒரு முழம் ஹோஸ், நாலு கிளிப், பியூஸ், மல்டிமீட்டர், ஐந்து லிட்டர் தண்ணீர். எலக்ட்ரானிக் மாட்யூல் போட்டவர்கள் பழைய பாயிண்ட், கண்டன்சர் இரண்டையும் பிளேட்டோடு டப்பாவில் வைத்திருந்தால், மாட்யூல் கருகினாலும் இரண்டு ஸ்க்ரூ, ஒரு ஒயர், கால் மணி நேரத்தில் வண்டி கிளம்பும். ஆனால் மாட்யூல் மாட்டும்போது பாலஸ்ட் ரெசிஸ்டரை (காயிலுக்குப் போகும் கரண்ட்டைக் குறைப்பது) விலக்கிவிட்டு நேரடியாக ஒயர் கொடுத்திருந்தால் அதை முதலில் பழையபடி இணைக்க வேண்டும், இல்லாவிட்டால் வீடு சேர்வதற்குள் பாயிண்ட் கருகிவிடும்.